சொல்லாத குறையும் கேட்க வேண்டிய செவியும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனியார் நவீன முறையில் தொடங்கிய சுரங்கத் தொழில், நூறு வருஷங்களுக்கும் மேலாகப் பாறையைக் குடைந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிச் சென்று, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி முடிவுக்கு வந்தபோது, அதையே நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பைத் தேடிப் பல திசைகளிலும் பிரிந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்து ‘லைன்’ வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சிலர் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்கள். வேறு சிலர் கடல் கடந்து போய்விட்டார்கள். பெற்றோர்களில் பலர், பழகிய தெருவையும் பழகிய மனிதர்களையும் விட்டுப் பிரிய மனமின்றி, ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் ஊரோடு இருக்கிறார்கள்.

இப்படிப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்குத் தபால்காரர் கொண்டுவந்த கடிதம் ஒரு காலத்தில் ஆறுதலாக இருந்தது. இன்று அந்தக் காரியத்தில் பெரும் பகுதியைக் கைப்பேசியின் குறுஞ்செய்திகள் எடுத்துக்கொண்டுவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் வங்கியின் கணக்கு விவரம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ரயில் டிக்கெட், ஓய்வூதியம் சம்பந்தமான அறிவிப்பு, வெளிநாட்டிலிருக்கும் மகள் ஒழிந்த நேரத்தில் நிதானமாக எழுதும் நீண்ட கடிதம் ஆகியவையெல்லாம் இன்னமும் மின்னஞ்சலாகவே வந்து சேருகின்றன. கைப்பேசியின் சிறிய திரையில் எழுத்துத் தெரியவில்லை என்று வருந்தும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு டேப்லெட்டை வாங்கிக் கொடுத்து, அதில் மின்னஞ்சல் செயலியையும் அமைத்துத் தந்துவிட்டு, தங்கள் கடமை தீர்ந்ததென்று ஊர் திரும்புகிறார்கள். அந்தச் செயலியை யார், யாருடைய அபிப்பிராயத்தைக் கேட்டு அமைத்தார்கள், ஒரு முறை அமைத்ததை ஏன் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள், மாற்றும்போது எவருடைய குரல் அவர்கள் செவியில் விழுகிறது, எவருடைய குரல் விழாமலே போகிறது என்பவை நிபுணர்களுக்கு மட்டும் உரிய விஷயங்கள் அல்ல; அந்தத் திரையைத் தொட்டுப் பழகும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சாதனம்

மின்னஞ்சல் டேப்லெட்டுக்காகப் பிறந்ததன்று. ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1971இல் இரண்டு கணினிகளுக்கிடையே வலைப்பின்னல் வழியாக முதல் அஞ்சலை அனுப்பியபோது, கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திரமாக இருந்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று விதேஷ் சஞ்சார் நிகம் வழியாகத் திறந்துவிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, பெங்களூரில் வளர்ந்து அமெரிக்கா சென்ற சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித் என்ற நண்பரோடு சேர்ந்து ஹாட்மெயிலைத் தொடங்கினார். 2004இல் ஜிமெயில் வந்தது. இவை யாவும் நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையைத் தட்டி, மௌஸை நகர்த்தி வேலை செய்பவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. பின்னர் கைப்பேசிக்கென்று அவற்றைச் சுருக்கினார்கள். ஒரு திரையில் கடிதங்களின் பட்டியல், அதில் ஒன்றைத் தொட்டால் மற்றொரு திரையில் கடிதம் என்ற எளிய முறை அங்கே நிலைபெற்றது.

2010ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி ஐபேடை அறிமுகம் செய்தபோதுதான், கணினியின் வழக்கமும் கைப்பேசியின் வழக்கமும் ஒருங்கே பொருந்தாத சாதனம் ஒன்று ஜனங்களின் கைக்கு வந்தது. கைப்பேசியின் அமைப்பை அப்படியே ஊதிப் பெரிதாக்கினால் 9.7 அங்குலத் திரையில் வெற்றிடமே மிகுந்தது. ஒரு வரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கண் ஓடிக் களைத்தது. கணினியின் அமைப்பை அப்படியே சுருக்கினாலோ, மௌஸின் கூர்முனைக்கென்று செய்த சின்னஞ்சிறு பொத்தான்களில் மனித விரலின் நுனி ஒரே சமயத்தில் இரண்டைத் தொட்டது. இதற்குக் கண்ட தீர்வு இரட்டைப் பத்தி. டேப்லெட்டைப் படுக்கை வாட்டத்தில் பிடித்தால் இடப்புறம் கடிதங்களின் பட்டியல், வலப்புறம் திறந்த கடிதம். நிமிர்த்திப் பிடித்தால் கடிதம் முழுத் திரையையும் நிறைக்க, பட்டியல் ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒதுங்கும். ஐபேடின் அஞ்சல் செயலி இந்த முறையை மேற்கொண்டது. ஐபேட் விற்பனைக்கு வந்த அந்த ஏப்ரல் மாதத்திலேயே கூகுளும் ஜிமெயிலின் இணையப் பக்கத்தை அதற்கென்று இரட்டைப் பத்தியாக மாற்றியது. 2011இல் டேப்லெட்டுகளுக்கென்றே வெளிவந்த ஆண்ட்ராய்டின் மூன்றாம் பதிப்பும் அதே வழியைப் பின்பற்றியது.

இந்தத் துறையில் பெங்களூருக்கு அதற்கு முன்பே ஒரு சரித்திரம் உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற மென்பொருள் கம்பெனியாரும் சேர்ந்து 2001இல் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியின் வடிவத்தை வெளியிட்டார்கள். எழுதுகோலால் தொடும் திரை, இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல், ஒரே சாதனத்தைக் கிராமத்தார் பலர் தத்தம் ஸ்மார்ட் கார்டைச் செருகிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஆகியவை அதில் இருந்தன. எழுத்தறியாதவருக்கும் ஏழைக்கும் பயன்பட வேண்டும் என்ற தூய எண்ணத்தில் பிறந்த அந்தச் சாதனம் 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் உற்பத்தியாகக் கடைக்கு வந்தபோது, மலிவாகிக்கொண்டிருந்த கைப்பேசி அதை முந்திச் சென்றுவிட்டது. எதிர்பார்த்த அளவுக்கு அது விற்கவில்லை. ஆயினும், யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வியை முதலில் வைத்து, எப்படிச் செய்வது என்பதை அதன்பின் யோசித்த அந்த முயற்சியை, தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் நம்மவர்கள் செய்து காட்டினார்கள் என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

குறைகள் செய்த மாற்றங்கள்

ஒரு செயலியை வெளியிடுவது அதன் வேலையில் முதற்பாதிதான். மறுபாதி, பயன்படுத்துவோரின் வாயிலிருந்து வரும் குறைகளைக் கேட்டுத் திருத்துவது. இதற்கு ஜிமெயிலின் கதை நல்ல உதாரணம். ஐபோனுக்கும் ஐபேடுக்கும் என்று அதன் செயலியைக் கூகுள் 2011ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி வெளியிட்டது. புதிய கடிதம் வந்திருப்பதைத் தெரிவிக்கும் அறிவிப்பு வேலை செய்யாத பிழை தெரியவரவே, அன்றைய தினமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு வாரத்தில் பிழை நீங்கி அது மீண்டும் வந்தது. அப்போதும் ஜனங்களின் மனக்குறை தீரவில்லை. உள்ளே இருப்பது இணையப் பக்கமேயன்றித் தனிச் செயலி அன்று என்றார்கள். அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு கணக்குகள் வைத்திருப்பவர் ஒன்றை மட்டும் பார்க்க முடிகிறது என்றார்கள். ஓராண்டு கழித்து 2012 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு முற்றிலும் புதிய தோற்றத்தோடு, ஐந்து கணக்குகள் வரை ஒரே இடத்தில் பார்க்கும் வசதியையும் கொண்டுவந்தது. மக்கள் கேட்டதை நிறுவனம் செய்தது. இது குறை சொல்லும் முறையின் நேர்வழி.

நேர்வழி எப்போதும் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை என்பதற்கு கே-9 மெயிலின் அனுபவம் சாட்சி. ஜெஸ்ஸி வின்சென்ட் என்பவர் 2008இல் தொடங்கிய அந்த ஆண்ட்ராய்டு செயலியின் நிரலை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம்; தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தது அது. டேப்லெட்டில் இரட்டைப் பத்தி வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இருக்கக் கண்டு, எப்போதும் இரட்டைப் பத்தி, ஒருபோதும் வேண்டாம், படுக்கை வாட்டத்தில் மட்டும் என்ற மூன்று விருப்பங்களை அமைப்புகளில் வைத்து, முடிவைப் பயன்படுத்துவோரிடமே விட்டார்கள். ஆனால் 2021இல் அவர்கள் வெளியிட்ட புதிய பதிப்பில், செயலியைத் திறந்தவுடன் கணக்குகளின் பட்டியலைக் காட்டி வந்த பழைய முகப்பை நீக்கியபோது, பல வருஷங்கள் பழகியவர்கள் வெகுண்டு எழுந்தார்கள். புதிய அமைப்பு நவீனமாக இருந்தது. பராமரிக்கவும் எளிதாக இருந்தது. எனினும் கண்ணை மூடிக்கொண்டு விரல் போய்த் தொடும் இடத்தை மாற்றுவது, ஒருவர் வீட்டில் இல்லாத சமயம் பார்த்து அடுக்களையை இடம் மாற்றி வைப்பதற்கு ஒப்பான காரியம் என்பதை அந்தக் கோபம் உணர்த்தியது. அச்செயலி 2022இல் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்போடு இணைந்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் என்ற பெயரிலும் வெளிவந்தது.

தண்டர்பேர்ட் அமைப்பார் தம்முடைய கணினிப் பதிப்பை 2023 ஜூலையில் புதுப்பித்தபோது கையாண்ட முறை இதற்கு மாறானது. வரிகளை நெருக்கமாகவும் நடுத்தரமாகவும் தளர்வாகவும் அமைத்துக்கொள்ள மூன்று படிகள். கடிதங்களைச் சீட்டுகளைப் போலப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு காட்சி, பழைய அட்டவணையைப் போலவே பார்க்க விரும்புவோருக்கு மற்றொரு காட்சி. எழுத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கைக்கெட்டும் இடத்திலேயே ஒரு வழி. புதியதைத் தந்தபோதே பழையதின் சௌகரியத்தையும் கைவிடாதிருப்பது நல்ல மறுவடிவமைப்பின் லட்சணம். 2015இல் மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் செயலியில் முக்கியமான கடிதங்களைத் தானே பிரித்துக் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோதும், வேண்டாதவர் அதை நிறுத்தி வைக்கலாம் என்ற சுதந்திரத்தை உடன் வைத்தது.

வாய் திறவாதவர்களின் குறை

இவ்வளவும் வாய் திறந்து குறை சொன்னவர்களின் கதை. செயலிக் கடையில் விமரிசனம் எழுதுபவரும், நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் விவரமாகக் கடிதம் அனுப்புபவரும், பயன்படுத்துவோரில் ஒரு சிறு பகுதியினர். பெரும்பாலோர் பேசுவதில்லை; அதனால் அவர்களுக்குக் குறையே இல்லை என்று நினைப்பது பெரும் பிழை. இதைத் தெளிவாக்க, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். பல வருஷம் ‘அண்டர்கிரவுண்ட்’ வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா, படுக்கை வாட்டத்தில் டேப்லெட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, மகனுடைய கடிதத்தைப் படிக்கிறார். வலப்புறம் கடிதம் இருக்கிறது. இடப்புறம் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின் மேல்தான் சாதனத்தைத் தாங்கும் இடக்கைக் கட்டைவிரல் படிந்திருக்கிறது. கை வலித்துப் பிடியை மாற்றும்போது விரல் பட்டியலின்மேல் வழுக்குகிறது. வழுக்கியதை, ‘இக்கடிதத்தை அப்புறப்படுத்து’ என்ற கட்டளையாகச் செயலி எடுத்துக்கொண்டு, வங்கியிலிருந்து வந்த கடிதத்தை முகப்பிலிருந்து அகற்றிவிடுகிறது. திரையின் அடியில் ‘செயல்தவிர்’ என்ற ஒரு சிறிய பட்டை தோன்றி, சில வினாடிகளில் மறைகிறது. அவர் அப்போது மேலே படித்துக்கொண்டிருக்கிறார்.

“தாத்தா, என்னத்தத் தொட்டீங்க?” என்று பேத்தி கேட்கிறாள்.

“ஒண்ணும் தொடலம்மா. பேங்க் லெட்டர் இங்கதான் இருந்துச்சு, காணோம். எனக்குத்தான் இதெல்லாம் வரல போ.”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. கடிதம் அழியவில்லை, காப்பகத்துக்கு ஒதுங்கி, ‘எல்லா அஞ்சலும்’ என்ற பகுதியில் பத்திரமாக இருக்கிறது. பிழை அவருடையதும் அன்று. சாதனத்தைப் பிடிக்கும் இடமும் அப்புறப்படுத்தும் இடமும் ஒன்றாக இருக்கும்படி அமைத்தவர்களுடையது. ஆனால் அவர் பழியைத் தம்மேலேயே போட்டுக்கொள்கிறார். தம் பிழையென்று நினைப்பதைக் குறையென்று யாருக்கும் எழுதமாட்டார். டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1988இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், சாதனங்களின் குற்றத்துக்கு மனிதர்கள் தம்மையே நொந்துகொள்ளும் இந்தச் சுபாவத்தை விஸ்தாரமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். படித்தவர், படியாதவர் என்ற பேதம் இதில் இல்லை. ஆயினும் முதியவர்களிடமும், திரையின் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களிடமும் இது மிகுதியாக இருக்கிறது.

ஆகவே குறையைக் காதால் கேட்பது போதாது, கண்ணாலும் பார்க்க வேண்டும். வடிவமைப்பாளர் ஒருவர் அந்தத் தாத்தாவின் பக்கத்தில் வாய் பேசாமல் அமர்ந்து, “வங்கிக் கடிதத்தைத் திறந்து, அதிலுள்ள கணக்கு விவரத்தை உங்கள் மகனுக்கு அனுப்புங்கள்” என்று ஒரு காரியத்தை மட்டும் சொல்லிவிட்டு, விரல் எங்கே தயங்குகிறது, கண் எதைத் தேடுகிறது, எந்த இடத்தில் பெருமூச்சு வருகிறது என்று கவனித்தாரானால், ஆயிரம் விமரிசனங்களில் கிடைக்காத உண்மை அவருக்குக் கிடைக்கும். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர், இப்படி ஐந்து பேரைக் கவனித்தாலே ஒரு சாதனத்தின் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் வெவ்வேறு வகையான ஜனங்கள் பயன்படுத்தும் சாதனமானால் ஒவ்வொரு வகையிலிருந்தும் சிலரைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். பெங்களூரின் கண்ணாடி மாளிகைகளில் வேலை செய்யும் ஐந்து இளைஞர்களைப் பார்த்து அறிந்தது, அதே பெங்களூருக்குத் தினமும் ரயிலில் ஆட்களை அனுப்பும் ஊரின் முதியவருக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

விரலும் எழுத்தும்

கவனித்தபின் திருத்துவதற்கு விஞ்ஞானம் வகுத்த விதிகள் உண்டு. பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1954இல் கண்ட விதியின்படி, ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரம் கூடக் கூட அதிகரிக்கும். அதன் அளவு பெருகப் பெருகக் குறையும். இதையும் விரல் நுனியின் அகலத்தையும் கருதியே, தொடும் பொத்தான் ஒவ்வொன்றும் குறைந்தது 44 புள்ளி அளவு இருக்க வேண்டும் என்று ஆப்பிளும், சுமார் 9 மில்லிமீட்டருக்குச் சமமான 48 அலகு இருக்க வேண்டும் என்று கூகுளும் செயலி செய்வோருக்கு அறிவுறுத்துகின்றன. டேப்லெட்டில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது: இரண்டு கைகளாலும் தாங்கும்போது கட்டைவிரல்கள் இரு ஓரங்களை மட்டுமே எட்டும், நடுவிலிருப்பதைத் தொட ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்தாக வேண்டும். ஆகவே அடிக்கடி வேண்டியவை ஓரத்தில் இருக்கலாம். திருப்ப முடியாத விளைவைத் தருபவை ஓரத்தில் இருக்கலாகாது.

தமிழில் பார்க்கும்போது வேறு சில குறைகளும் தென்படுகின்றன. ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துகளில் அடங்கும் ஒரு கட்டளை தமிழில் அதைப் போல இரு மடங்கு அகலத்தை நாடுகிறது. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் அதை அடைத்தால், பாதிச் சொல்லோடு மூன்று புள்ளிகள் நின்று, எது என்ன செய்யுமென்று புரியாமல் போகிறது. மேலே ஏறும் இகரக் குறியும் கீழே இறங்கும் உகரக் குறியும் கொண்ட நம் எழுத்துகளை நெருக்கமான வரிகளில் வைத்தால், ஒரு வரியின் வாலும் மறுவரியின் தலையும் மோதிக்கொள்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கினால் இக்குறை இன்னும் பெருகுகிறது. எழுத்தைப் பெரிதாக்குவதற்கென்றே டேப்லெட்டை வாங்கியவருக்கு இது எவ்வளவு வருத்தம் தரும்! தமிழ்ப் பாடத்தை வைத்து முதலிலேயே சோதித்துப் பார்த்த செயலியில் இக்குறை இருப்பதில்லை; ஆங்கிலத்தில் முடித்துவிட்டுப் பின்னால் தமிழைப் பூசிய செயலியில் இக்குறை தப்புவதில்லை.

பதில் எழுதப் புகும்போது வேறொரு சிரமம் வருகிறது. படுக்கை வாட்டத்தில் திரை விசைப்பலகை எழும்பினால் திரையில் ஏறக்குறையப் பாதியை அது விழுங்கிவிடுகிறது; எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறோமோ அந்தக் கடிதமே கண்ணுக்கு மறைந்துபோகிறது. விசைப்பலகையின் விஷயத்தில் நமக்கு உதவி செய்தவர்கள் உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் முயற்சியால் அஞ்சல், தமிழ் 99 என்ற இரு விசைமுறைகளும் 2013 முதல் ஐபோனிலும் ஐபேடிலுமே இடம்பெற்றன. கூகுள் 2017இல் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது உள்ளிட்ட இந்திய மொழிகள் சிலவற்றில் பேசினாலே எழுதும் வசதியைத் தந்தது. தட்டத் தெரியாத விரலுக்கு நாவே துணையாயிற்று. ஆனால் தங்கவயலின் பேச்சு, தமிழோடு கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் இயல்பாகக் கலந்த பேச்சு; ‘ஷிஃப்ட்’ என்பதும் ‘பேங்க்’ என்பதும் ஒரே மூச்சில் தமிழோடு வரும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்த ஒருவருக்குத் திரையின் மொழி ஒன்றாகவும் கடிதத்தின் மொழி வேறாகவும் இருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே மொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஆண்ட்ராய்டு 2022இல் தந்தது; இப்படிப்பட்ட ஊர்களுக்கு அது சிறிய உபகாரம் அன்று.

தங்கவயல் கற்றுத் தரும் பாடம்

சுரங்கத்தில் மனிதர்களையும் பாறையையும் ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, கீழே இருப்பவர் மணியடித்துக் குறிப்புக் கொடுப்பார். மேலே யந்திரத்தை ஓட்டுபவர் கீழே நடப்பதைக் காண முடியாது. ஆகவே ஏற்று, இறக்கு, நிறுத்து என்ற குறிப்புகள் எண்ணிக்கையில் சிலவாகவும், ஒன்றோடொன்று குழம்பாதவையாகவும், இருவருக்கும் ஒரே பொருள் தருபவையாகவும் வகுக்கப்பட்டன. அந்தக் குறிப்பில் நேரும் பிசகு உயிருக்கே உலையாகும் என்பதால் அதில் அலங்காரத்துக்கு இடமிருக்கவில்லை. மின்னஞ்சலில் உயிராபத்து இல்லை. ஆயினும் கோட்பாடு அதுவேதான். அனுப்பு, அழி, ஒதுக்கு என்ற மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க வேண்டும். கடிதம் போய்விட்டதா, இன்னும் போகவில்லையா என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இணைப்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் ரயில் பயணத்தில் அனுப்பிய கடிதம் வரிசையில் காத்திருக்கிறதென்பதை, சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் சொல்லாமல், கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். தவறிச் செய்ததைத் திருப்பும் வழி சில வினாடிகளில் மறைந்துவிடாமல், முதியவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரையாவது காத்திருக்க வேண்டும்.

இவ்வூர் சொல்லித் தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறை ஒன்று கொண்டுவரப்பட்டபோது, தங்கவயலின் தொழிலாளர்கள் அதை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேலிருந்து வகுக்கப்படும் ஏற்பாடு எதுவாயினும், அதன் கீழ் நாள்தோறும் வாழ வேண்டியவருக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டென்று நம்பிய மக்கள் அவர்கள். அவர்களின் வாரிசுகள் ஒரு செயலியின் முன்னே “எனக்குத்தான் வரல” என்று தலை குனிவது பொருத்தமான காட்சி அன்று. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளில் மென்பொருள் கம்பெனிகளில் அமர்ந்திருப்பவர்களுக்கு இதில் இரட்டைக் கடமை இருக்கிறது. தாங்கள் செய்யும் செயலியைத் தங்கள் வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து, சொல்லிக் கொடுக்காமல் கவனித்துப் பார்த்து, அங்கே கண்டதை மறுநாள் அலுவலகத்தில் எடுத்துச் சொல்வார்களானால், அதைவிடச் சிறந்த ஆராய்ச்சிச் சாலை வேறு வேண்டியதில்லை.

பெரிய திரையுள்ள ஆண்ட்ராய்டு சாதனங்கள் உலகில் 25 கோடிக்கு மேல் புழக்கத்தில் இருப்பதாகக் கூகுள் 2021இல் அறிவித்து, அவற்றுக்கென்று தன் செயலிகளை மறுபடியும் திருத்தி அமைக்கத் தொடங்கியது. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. குறையைச் சொல்வதற்குக் காலம் கடந்துவிடவுமில்லை. ஆகவே வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் அமைப்புகளுக்கு அருகில் உதவிக்கும் கருத்துக்கும் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் தமிழிலேயே எழுதலாம். “செயலி சரியில்லை” என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பிரயோஜனம் இல்லை. எந்தச் சாதனத்தில், எப்படிப் பிடித்துக்கொண்டு, என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடக்குமென்று எதிர்பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அவ்வளவும் நாலு வரிக்குள் அடங்கும். வீட்டுப் பெரியவர் சிரமப்பட்டால் அவருக்காக நீங்கள் எழுதுங்கள். கடிதம் விரல் பட்டு மறைந்துபோவதால் தொல்லைப்படுபவர், நிறுவனம் திருத்தும் வரை காத்திராமல், ஆண்ட்ராய்டின் ஜிமெயில் செயலியானால் அதன் பொது அமைப்புகளில் பட்டியலைத் தள்ளும்போது நடக்கும் செயலை ‘எதுவுமில்லை’ என்று இன்றைக்கே மாற்றிவைக்கலாம்.

வடிவமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடச் சுருக்கமானது. உரக்கப் பேசுவோரின் குறையைக் கேட்டுச் செய்த செயலி உரக்கப் பேசுவோருக்கே உதவும். தம்மையே நொந்துகொண்டு மௌனமாக இருப்பவரின் வீட்டைத் தேடிச் சென்று, அவர் விரல் தயங்கும் இடத்தைக் கண்டு திருத்திய செயலியோ எல்லாருக்கும் உதவும்; ஏனெனில் முதியவரின் கட்டைவிரலுக்கு எட்டாத தூரத்தில் வைத்த அபாயம் இளைஞருக்கும் எட்டாது, தமிழெழுத்துக்குப் போதிய இடம் விட்ட வரி ஆங்கிலத்துக்கும் தாராளமாகவே இருக்கும்.